வெள்ளிக்கிழமைக்கு விற்கப்பட்ட அருங்காட்சியகச் சீட்டு: ஒரு ஜார்ஜ் டவுன் நடை அனுபவம்

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சித்தப்பாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு, சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், செயலி ஒன்றில் முன்பதிவு செய்த, சென்னை புனித ஜார்ஜ் கோட்டையையும் ஜார்ஜ் டவுனையும் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும் அரைநாள் நடைக்குச் சென்றோம். ஆளுக்கு 900 ரூபாய். கோட்டை அருங்காட்சியக நுழைவுச்சீட்டும் அதில் அடக்கம். எங்களை நடத்திச் சென்ற வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் தருவேன். செயலிக்குத் தர மனம் வரவில்லை.

போய்ச் சேர்வதில் சிரமமே இல்லை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு, திருவொற்றியூர் தேரடியில் ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கிவிடலாம். 2025இல் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்க முடிகிறது. தனித்தனியாக இயங்கும் நிறுவனங்கள் தம் தகவலைப் பகிர்ந்துகொண்டால் பயணிக்கு எவ்வளவு இலகு என்பதற்கு அது நல்ல சான்று.

சிக்கல் நிலைய வாசலில் தொடங்கியது. “ஐயா, மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் பதிவு எனக்கு நேற்று இரவுதான் வாட்ஸ்அப்பில் வந்தது” என்று வழிகாட்டி சித்தப்பாவிடம் வருத்தத்துடன் சொன்னார். இந்தியத் தொல்லியல் துறையின் அந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளி வார விடுமுறை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆயினும் செயலியின் நாட்காட்டியில் ஏழு நாளும் பச்சை நிறத்தில் திறந்தே இருக்கின்றன. துறையின் பக்கத்துக்கு ஓர் இணைப்புகூட அதில் இல்லை. சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், செயலிக்காரர்கள் நடை ஏற்பாட்டாளரைக் கேட்கச் சொல்கிறார்கள். ஏற்பாட்டாளரோ பணம் இன்னும் தம் கைக்கு வரவில்லை என்கிறார். மூன்று வாரம் கடந்துவிட்டது.

இத்தாலியின் எல்பா தீவில், சுற்றுலா நிறுவனங்களின் இணையதளங்கள் ஒன்றையொன்று எந்த அளவுக்குச் சுட்டுகின்றன என்று ரொடால்ஃபோ பாஜியோ முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, இணைப்புகள் மிகச் சொற்பமாக இருப்பதையும், ஒரே ஊரில் தொழில் செய்பவர்கள் இணையத்தில் தனித்தனித் தீவுகளாக நிற்பதையும் கண்டார்கள். எங்கள் வடசென்னையிலும் அதே நிலைதான். கோட்டைக்கு ஒரு துறை, கோயிலுக்கு ஒரு துறை, தேவாலயத்துக்கு ஒரு நிர்வாகம், நடைக்கு ஒரு ஏற்பாட்டாளர் என்று பிரிந்திருப்பதில் தவறில்லை. ஒருவர் கதவு சாத்தும் நேரம் மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் குறை.

அந்தக் குறையை அன்று நிரப்பியது வழிகாட்டியின் பழைய கைப்பேசி. கண்ணாடியில் கீறல் விழுந்த அந்தப் பேசியில் ‘சர்ச் வாட்ச்மேன்’, ‘கோயில் ஆபீஸ்’, ‘அத்தோ அண்ணன்’ என்று எண்களைச் சேமித்து வைத்திருந்தார். முதல் எண்ணை அழைத்து விசாரித்துவிட்டு, கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். 1680இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயத்தில்தான் 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணம் நடந்தது. பீரங்கிக் குண்டைத் தாங்குமாறு கனமாக வளைத்துக் கட்டிய அதன் கூரையை அண்ணாந்து பார்த்தபடி சித்தப்பா வெகுநேரம் நின்றார். அருங்காட்சியகத்தை அவர் மறந்தே போனார்.

தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலில் வெள்ளி மாலைக் கூட்டம் எப்போது சேரும் என்பதையும் வழிகாட்டி முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்குள் தரிசனம் முடித்துவைத்தார். கடைசியாக, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவு. பர்மா பஜாரை ஒட்டிய அந்தத் தள்ளுவண்டியில் பணம் செலுத்தக் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் செயலியின் வரைபடத்தில் அந்த வண்டிக்கு இடமில்லை. சித்தி முட்டை சாப்பிட மாட்டார் என்று முன்பே சொல்லியிருந்ததால், பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுப் பிசைந்த தட்டு ஒன்று அவருக்கென்று தனியாகத் தயாராக இருந்தது.

விடைபெறும்போது வழிகாட்டியின் எண்ணை வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை நேராக அவரையே அழைப்பேன். நீங்கள் செயலி வழியாகவே செல்வதானால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.