குளிப்பாட்டும் ஆயா: எதற்குக் கூப்பிடலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம்

பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் முதலில் விசாரிப்பது குளிப்பாட்டும் ஆயாவைப் பற்றித்தான். காலையில் வந்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூங்க வைத்துவிட்டுப் போவார். பெரிய ஊர்களில் இதற்கென ஏஜென்சிகளும் ஆள் அனுப்புகின்றன. இந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் சில தங்கமானவை, சில தேவையற்றவை, நான்கைந்து நிஜமாகவே ஆபத்தானவை. எல்லாம் ஒரே கையிலிருந்து வருவதால், குறை சொன்னால் ஆயா கோபித்துக்கொண்டு நின்றுவிடுவாரோ என்று வீட்டார் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பேசலாம், பேச வேண்டும்.

முதலில் நல்லது. காலில் போட்டுக் குளிப்பாட்டும் கைப்பழக்கத்துக்கு ஈடாகக் கடையில் விற்கும் எந்த பேபி டப்பையும் சொல்ல முடியாது. ஆயா தாழ்ந்த மணையில் உட்கார்ந்து இரு கால்களையும் நீட்டி ஒட்டவைத்துக்கொள்வார். நடுவில் விழும் பள்ளத்தில் பிள்ளையின் முதுகுத்தண்டு அசையாமல் படியும். தலை ஆயாவின் கணுக்கால் பக்கம், பிள்ளையின் கால் அவர் வயிற்றுப் பக்கம். எண்ணெய்ப் பிசுக்கோடு வழுக்கும் உடம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, ஊற்றிய தண்ணீரும் தேங்காமல் வழிந்துவிடும். குப்புறப் போடும்போது நல்ல ஆயா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, நெற்றிக்குக் கையை அணை கொடுத்துத்தான் தலைக்கு ஊற்றுவார். புதிதாக ஒருவரைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். அடுத்தது தண்ணீர்: வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பார்க்கிறாரா? 37, 38 டிகிரி போதும். உள்ளங்கை காய்ப்பேறியவருக்கு 42 டிகிரியும் வெதுவெதுப்பாகத்தான் தெரியும்.

எண்ணெய் தேய்ப்பதன் பலன் வெறும் நம்பிக்கை இல்லை. 1986-ல் அமெரிக்காவின் மயாமியில் ஆய்வாளர் டிஃபனி ஃபீல்டின் குழு, குறைமாதக் குழந்தைகளுக்கு 15 நிமிடம் வீதம் நாளைக்கு 3 வேளை, 10 நாள் உடம்பு நீவிப் பார்த்தது. நீவப்படாத குழந்தைகளைவிட அவை நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறின, 6 நாள் முன்னதாக வீடு திரும்பின. குடித்த பால் இரு தரப்புக்கும் ஒரே அளவு. இதமான அழுத்தம், மூளையிலிருந்து வயிற்றுக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டி இரைப்பையின் அசைவைக் கூட்டுகிறது என்பது பின்னர் அவர்கள் தந்த விளக்கம். மயிலிறகு போலத் தடவினால் கூச்சம்தான் வரும், பலன் வராது. நிறைமாத, ஆரோக்கியமான குழந்தைகளுக்குச் சான்று இவ்வளவு வலுவாக இல்லை. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பு வழிகாட்டுதலில், அவர்களுக்கும் மென்மையாக உடம்பு முழுக்க நீவிவிடலாம் என்று சேர்த்திருக்கிறது.

நீவுவதால் பெற்றோருக்குக் கிடைக்கும் பலன்தான் நம் வீடுகளில் தவறிப்போகிறது. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருந்த தாய்மாருக்குக் குழந்தையை நீவக் கற்றுக்கொடுத்தபோது, தாயும் பிள்ளையும் ஒருவரோடொருவர் பழகும் விதம் மேம்பட்டதை லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2001-ல் காட்டியது. அங்கே நீவியது தாயின் கை. ஆகவே எங்கள் பரிந்துரை: தண்ணீர் ஊற்றுவது ஆயாவுக்கு, எண்ணெய் தேய்ப்பது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ. சிசேரியன் ஆன தாய் குனிந்து நிமிர முடியாத முதல் சில வாரங்களில் அப்பா செய்யட்டும். பால் கொடுப்பதில் பங்கில்லாத அவருக்குப் பிள்ளையோடு பழக இதைவிட நல்ல வேளை கிடையாது.

செய்முறை கடினமில்லை. பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பசியோடும் இருக்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்தி, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். காலில் தொடங்குவது நல்லது. பிள்ளைகள் எளிதில் ஏற்றுக்கொள்ளும் இடம் அது. தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரு கை மாற்றி ஒரு கையாக உருவுங்கள், பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வயிற்றில் எப்போதும் கடிகார முள் போகும் திசைதான்: பிள்ளையின் வலது அடிவயிற்றில் ஏறி, தொப்புளுக்கு மேலே கடந்து, இடது பக்கம் இறங்க வேண்டும். பெருங்குடல் போகும் வழி அது. எதிர்த்திசையில் நீவினால் வாயு வெளியேற உதவாது. பிறகு இரு முழங்கால்களையும் மடக்கி வயிற்றோடு ஐந்து விநாடி வைத்து விடுங்கள். வாயு பிரிவதைக் காதாலேயே கேட்கலாம். மார்பு, கை, கடைசியில் குப்புறப் போட்டு முதுகு. எல்லாம் சேர்த்து 10, 15 நிமிடம். முகத்தைத் திருப்பிக்கொள்வது, முதுகை வளைப்பது, விக்கல், விடாத அழுகை இவையெல்லாம் "போதும்" என்பதற்கான சைகை. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அழ அழத் தேய்த்தால்தான் உடம்பு இறுகும் என்பதை ஏற்காதீர்கள்.

எண்ணெயில் தேங்காய் எண்ணெய்க்கே முதலிடம். மும்பை சயான் மருத்துவமனையில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், மினரல் ஆயிலைவிட (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) தேங்காய் எண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகள் வேகமாக எடை கூடின. செக்கில் ஆட்டியதோ, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயோ, சமையலுக்கென 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோடு விற்பதோ எதுவானாலும் சரி, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். நல்லெண்ணெயும் பரவாயில்லை. கடுகெண்ணெய் தோலை எரிக்கும், வேண்டாம். விலை கொடுத்து வாங்கும் ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் மிகுதி. அது பச்சிளம் தோலின் தடுப்புப் படலத்தைக் குலைக்கும், குறிப்பாகக் கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் அழற்சி உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. மே மாத வெயிலில் எண்ணெய் மிஞ்சி நின்றால் வேர்க்குரு பொரியும், அளவைப் பாதியாக்குங்கள். தலையில் பொருக்கு கட்டியிருந்தால் இரவு முழுக்க எண்ணெய் ஊறவிட வேண்டாம், அரை மணி நேரத்தில் அலசிவிட வேண்டும்.

இனி, ஆயாவிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டியவை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். வாயால் மூக்கை ஊதுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும் கிருமியை உள்ளே கொண்டுபோய் வைக்கும். பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால், சில வாரங்களில் தானாக வற்றும். பிதுக்கிப் பால் எடுத்தால் சீழ்க்கட்டி வந்து ஆபரேஷன் வரை போகும். உச்சிக்குழியை அழுத்தக் கூடாது. தலைகீழாகத் தூக்கி உதறுவது, ஒரு கையைப் பிடித்துத் தூக்குவது, மடங்கியிருக்கும் காலை நேராக்க இழுத்துக் கட்டுவது எல்லாமே மூட்டுக்குக் கேடு. முழங்கை நழுவும், இடுப்பு மூட்டு சரியாக அமையாது. சாம்பிராணிப் புகையும் பவுடரும் சின்ன மூச்சுக்குழாய்க்கு ஆகாது. துணியால் ஒற்றி, கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு உலர்ந்திருந்தால் போதும். கடலை மாவு, பயத்த மாவு முதல் சில மாதங்களுக்குத் தேவையே இல்லை. முழுதும் அலசிப் போகாமல் நின்று மடிப்புகளில் புண்ணாக்கும்.

தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை, வழக்கமாக 1 முதல் 2 வாரம், அதில் எண்ணெய் படக் கூடாது. 6, 10, 14 வாரத் தடுப்பூசி போட்ட தொடையையும், இடது புஜத்தில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) கொப்புளம் எழுந்த இடத்தையும் தொடாமல் மற்ற இடங்களை நீவலாம். காய்ச்சல் இருந்தால் அன்று தேய்ப்பு இல்லை.

கூலியைப் பேசும்போது எத்தனை நாள், லீவு எடுத்தால் கணக்கு எப்படி, எண்ணெயும் சோப்பும் யார் வாங்குவது என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். வந்ததும் நகம் பார்த்து, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பல வீடுகளுக்குப் போய்வரும் கை அது. இருமலோ சேற்றுப்புண்ணோ இருந்தால் அன்று வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று சொல்லி வைத்தால் மறைக்காமல் சொல்வார். இதற்கெல்லாம் "சரிம்மா" என்று ஒத்துக்கொள்ளும் ஆயா கிடைத்தால் பிள்ளையின் கழுத்து நிற்கும்வரை, அதாவது ஏறக்குறைய 4 மாதம் வரை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஓரிரு நாள் நீங்களே காலை நீட்டி உட்காருங்கள், ஆயா அருகிலிருந்து கை காட்டித் தரட்டும்.