வலது முழங்கைக்கு 800 ரூபாய்

கொடைக்கானலில் ஒருவரிடம் ஒரு மணி நேர கோல்ஃப் பயிற்சிக்கு 800 ரூபாய் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் வலது முழங்கையிலேயே போனது. எனக்கு அதுவே போதும்.

என் வியாதி பழையது. மட்டையைப் பின்னால் தூக்கி உச்சிக்குப் போகும்போது வலது முழங்கை கோழி இறக்கை மாதிரி வெளியே விரியும். பந்து வலப்பக்கம் வளைந்து சோலைக்குள் போய்விடும். காட்டெருமை நிற்கிற இடம், யார் போய் எடுப்பது? அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸுக்கும் முழங்கை விரியுமே என்று வாதாடிப் பார்த்தேன். "சரி சார், அவர் மேஜர்னு சொல்ற பெரிய போட்டிகள்ல 18 ஜெயிச்சவர். நீங்க?" என்றார் பயிற்சியாளர்.

அப்புறம் என் வலது உள்ளங்கையில் ஒரு டீத்தட்டு, அதன்மேல் அரை டம்ளர் தண்ணீர். ஓட்டல் சர்வர் தட்டு ஏந்துகிற மாதிரி மணிக்கட்டு பின்னால் மடங்க வேண்டும். முழங்கை ஏறக்குறைய 90 டிகிரி மடிந்து தரையைப் பார்க்க வேண்டும். மூன்று முறை ஸ்வெட்டர் நனைந்தது. நாலாவது முறை டம்ளர் நின்றது. அதன்பின் அடித்த ஏழு பந்துகளில் ஐந்து நேராகப் போயின.

பயிற்சிப் பந்துகள் எல்லாம் தேய்ந்து வழுக்கை. மூடுபனி இறங்கிப் பயிற்சி பாதியில் நின்றால் மீதிப் பணமும் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள்.