சிப் பிழைக்க வேண்டுமா, போர்டு பிழைக்க வேண்டுமா?

போன மாதம் என் நானோ போர்டு (சின்ன ஆர்டுயினோ பலகை) ஒன்று செத்துப்போனது. தப்பு என்னுடையதுதான். 12 வோல்ட் அடாப்டரை மாட்டிவிட்டு, இரண்டு சர்வோ மோட்டாருக்கும் அதன் 5 வோல்ட் பின்னிலிருந்தே கரன்ட் எடுத்தேன். அடியில் இருக்கும் 1117 ரெகுலேட்டர், அதாவது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிப், சூடேறிப் போய்விட்டது. மாற்று ரெகுலேட்டர் சில ரூபாய்தான். பழையதைக் கழற்ற எதை வாங்குவது? மொபைல் சர்வீஸ் செய்யும் நண்பர்கள் யோசிக்காமல் ஹாட் ஏர், அதாவது சூடான காற்றை ஊதி சால்டரை உருக்கும் ப்ளோயர், என்பார்கள். வாரத்துக்குப் பத்துப் பலகை பார்ப்பவருக்கு அது சரி. மாதத்துக்கு ஒன்று பார்க்கிறவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

எஸ்எம்டி பாகத்தை, அதாவது துளையில்லாமல் போர்டின் மேலேயே சால்டர் வைத்து ஒட்டிய பாகத்தை, கழற்றும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நமக்கு முக்கியம்: சிப் அல்லது போர்டு. செத்த சிப் என்றால் அதன்மேல் கருணை தேவையில்லை. இரு பக்கமும் கால் உள்ள எஸ்ஓஐசி வகையில் கால்களுக்கு நடுவே 1.27 மி.மீ. இடைவெளி, மெல்லிய முனையுள்ள கட்டர் நுழையும். ஒவ்வொரு காலாக நறுக்கி, உடலை எடுத்துவிட்டு, மிச்சக் கால்களைச் சால்டரிங் அயர்ன் முனையால் தள்ளிவிடலாம். போர்டுக்குச் சூடு அதிகம் ஏறாது, பேட் (கால் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டு) பெயராது, செலவும் கிடையாது. ஆனால் நான்கு பக்கமும் கால் உள்ள டிகியூஎஃப்பி வகையில் இடைவெளி 0.8, 0.5 மி.மீ. என்று குறுகும்போது கட்டர் நுழையாது. ஒருமுறை பிளேடு வைத்து அறுக்கப் போய் போர்டில் ஓடும் இரண்டு செம்பு ட்ராக்கையும் சேர்த்து அறுத்தேன். முடி போன்ற கம்பியால் ஒட்டுப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

வெறும் அயர்னை மட்டும் வைத்துச் செய்வது அடுத்த வழி. 0805 அளவு ரெசிஸ்டர் 2 மி.மீ. நீளம்தான். இரு முனையிலும் தாராளமாகச் சால்டர் வைத்து, அயர்னை மாற்றி மாற்றிக் காட்டினால் முனையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டு அயர்ன் இருந்தால் இன்னும் சுலபம். எட்டுக்கால் ஐசிக்குத் தடித்த செம்புக் கம்பியை எல்லாக் கால்களையும் தொடும்படி வளைத்து வைத்து, அதன்மேல் சால்டரை ஓடவிட்டுச் சூடாக்கலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை நடக்கும். ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 63/37 (63 பங்கு தகரம், 37 பங்கு ஈயம்) ஈயக்கம்பிக்கு 183 போதும். ஆகவே பழைய சால்டரில் புது ஈயக்கம்பியைக் கலந்துவிட்டால் பாதிப் போராட்டம் குறையும். என் ரெகுலேட்டரை இப்படித்தான் எடுத்தேன்: மூன்று கால்களை நறுக்கினேன், பின்னால் உள்ள அகலமான தகட்டில் ஈயத்தைக் குவித்து அகல முனையை அழுத்தினேன். சாதாரண 25 வாட் அயர்ன் திணறத்தான் செய்தது, ஏனென்றால் அந்தத் தகடு ஒட்டியிருக்கும் செம்புப் பரப்பு சூட்டைக் குடித்துவிடும்.

சிப்பும் வேண்டும், போர்டும் வேண்டும் என்கிறபோதுதான் உண்மையான போட்டி. ஒரு பக்கம் குறைந்த சூட்டில் உருகும் பிஸ்மத் கலவை, மறுபக்கம் ஹாட் ஏர்.

பிஸ்மத் கலவையில் விலை குறைந்தது ரோஸ் உலோகம். 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகும். கால்களின் மேல் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பரவ உதவும் பசை) போட்டு இதை உருக்கிக் கலந்தால், சில நொடிகளில் உறைய வேண்டிய சால்டர் வெகுநேரம் திரவமாகவே நிற்கும். டிகியூஎஃப்பி சிப்பை ட்வீசரால் மெதுவாக நகர்த்தி எடுத்துவிடலாம். பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டருக்கு ஒன்றும் ஆகாது. குறை, அதன்பின் வரும் சுத்தம். பிஸ்மத்தும் ஈயமும் தகரமும் கலந்த மிச்சம் பேடில் தங்கினால், 96 டிகிரியிலேயே இளகும் ஜாயின்ட் உருவாகலாம். விக் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து இரண்டு மூன்று முறை உறிஞ்சியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் கலவை தீர்ந்துகொண்டே வரும் என்பதும் உண்டு.

ஹாட் ஏரில் அந்தச் செலவு இல்லை. 858 என்ற எண்ணோடு பல பெயர்களில் வரும் ஸ்டேஷன் சுமார் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய். கியூஎஃப்என் போல அடிவயிற்றில் பேட் உள்ள சிப்புக்கு வேறு நல்ல வழியும் இல்லை, அயர்ன் முனை அங்கே எட்டாது. ஆனால் காற்று பாரபட்சம் பார்க்காது. பக்கத்தில் உள்ள பொடிப்பொடி 0402 கெப்பாசிட்டர்கள் பறக்கும், கனெக்டர் உருகும். சூடு தாங்கும் மஞ்சள் காப்டன் டேப்பால் அவற்றை மூடிவிட்டு, காற்றைக் குறைத்து, முதலில் தள்ளி நின்று போர்டு முழுவதையும் சூடாக்க வேண்டும். சால்டர் முழுதாக உருகியதும் சிப்பை லேசாகத் தட்டினால் தானாக ஆடித் திரும்பி உட்காரும். அதற்கு முன் நெம்பினால் பேட் கையோடு வரும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் இதற்கு மாற்று அல்ல. பழைய போர்டில் பாகம் பொறுக்க மட்டும் அருமை.

திரும்பப் பொருத்துவதில் கால் உள்ள எந்தச் சிப்புக்கும் என் ஓட்டு அயர்னுக்குத்தான். ஒரு மூலைக் காலை ஒட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஃப்ளக்ஸ் தடவி முனையை வரிசையாக இழுத்துப் போனால் முடிந்தது. ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் நல்ல ஃப்ளக்ஸ், விக், கூர் ட்வீசர், கொஞ்சம் ரோஸ் உலோகம். கியூஎஃப்என் வந்து நிற்கும் அன்று ஸ்டேஷன் வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால், முதல்முறை பிளக்கில் செருகுமுன் மல்டிமீட்டரை எடுத்து, பிளக்கின் பெரிய எர்த் பின்னுக்கும் காற்று வரும் நாசிலின் உலோகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பீப் வரவில்லை என்றால் அப்படியே கடைக்குத் திருப்பி எடுத்துப் போங்கள்.