14 கிலோமீட்டர் தூரத்தில் ஒருவர் இருக்கிறாராம்: 62 வயதில் டேட்டிங் ஆப், மூன்று மாத அனுபவம்

பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வந்திருந்த மகள்தான் என் போனில் இதை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான டேட்டிங் ஆப். பெயர் வேண்டாம், நான் திட்டப்போவதில் பாதி இந்த வகை ஆப் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று வேறு வேறு ஆப்களில் இருந்து பார்த்த இரண்டு தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு 62 வயது, ஓய்வு பெற்ற டீச்சர், சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. மூன்று மாதச் சந்தா 2,400 ரூபாய் கட்டி முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சேர்வதற்கே அரை நாள் போனது. முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு என்று சொல்லி செல்ஃபி எடுக்கச் சொல்கிறது, கண்ணாடி போட்டால் என் முகம் அதற்குத் தெரியவில்லை, கழற்றினால் அது சொல்வது எனக்குத் தெரியவில்லை. தமிழில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்களே என்று மாற்றினால் முதல் பக்கத்திலேயே "உங்கள் தீப்பொறியைக் கண்டுபிடியுங்கள்" என்று வந்தது. கேஸ் அடுப்பு விளம்பரமோ என்று நினைத்தேன். திரும்ப ஆங்கிலத்துக்கே போய்விட்டேன்.

அப்புறம் கேள்விகள். மலை பிடிக்குமா கடல் பிடிக்குமா, நாய் வளர்ப்பீர்களா, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா. 62 வயதுக்காரியிடம்! இளசுகளுக்குச் செய்த ஆப்புக்கு நரைமுடி ஒட்டி விற்கிறார்கள் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வயதில் ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு. பிள்ளைகளுக்கு இது தெரியுமா, மாடிப்படி ஏற முடியுமா, ராத்திரி ஒன்பது மணிக்குப் படுப்பவரா இல்லை பன்னிரண்டு வரை டிவி ஓட்டுபவரா, கல்யாணம்தான் வேண்டுமா அல்லது பேச்சுத்துணை போதுமா. இதில் ஒன்றைக்கூட ஆப் கேட்கவில்லை.

கடைசிக் கேள்விதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் வேலை பார்த்து வாங்கும் பென்ஷன் என்னுடையது, நான் யாரைக் கட்டினாலும் அது வரும். ஆனால் கணவர் இறந்தபின் வரும் குடும்ப ஓய்வூதியம் மறுமணம் செய்தால் பொதுவாக நின்றுவிடும். அதை மட்டுமே நம்பி வாழும் பெண்கள் எத்தனை பேர், அவர்களிடம் போய் "திருமணத்துக்குத் தயாரா" என்று ஒரு பெட்டியைக் காட்டி டிக் அடிக்கச் சொன்னால் எப்படி? வீடு இன்னொரு விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பெண் உயில் எழுதாமல் போய்விட்டால் பிள்ளைகளோடு புதுக் கணவருக்கும் பங்கு உண்டு. என் மகன் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஃபோனில் இரண்டு தடவை "வீட்டுப் பத்திரம் எங்கம்மா வச்சிருக்க" என்று விசாரித்தான். பத்திரமாக இருக்கிறது சாமி என்றேன்.

சரி, ஆட்கள் எப்படி? முதல் வாரத்திலேயே என் கணவரோடு ஒரே ஆபீஸில் இருந்தவரின் படம் வந்தது. நான் பார்த்தது அவருக்கும் தெரிந்திருக்கும், பார்த்தவர்கள் யார் யார் என்று ஆப் காட்டிக்கொடுக்கும், அதற்குத்தான் சந்தாவே. ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். இரண்டு பேரும் கத்திரிக்காய் விலையைப் பற்றி ஐந்து நிமிடம் மிகத் தீவிரமாகப் பேசிவிட்டுப் பிரிந்தோம். மெட்ராஸில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புரியாது. சேலத்தில் தெரிந்தவர் கண்ணில் படாமல் எங்கள் ஊர் மொறுமொறு தின்பண்டமான தட்டுவடை செட் ஒன்று சாப்பிட முடியாது, இதில் போட்டோவோடு ஊர் பெயரையும் போட்டு வைக்கிறார்கள். படத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது இருப்பதே இரண்டாவது மாதம்தான் தெரிந்தது.

இன்னொரு எரிச்சல், 66 வயது மனிதர்கள் "45 முதல் 52 வரை" என்று தேடுவது. அவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். எனக்கு வந்தவர் கப்பலில் என்ஜினியர், மனைவியை இழந்தவர், நல்ல நரைத்த மீசை. இரண்டாம் நாளே ஆப் வேண்டாம் வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்றார். வீடியோ காலில் மட்டும் வரமாட்டார், நடுக்கடலில் சிக்னல் இல்லையாம், ஆனால் குட் மார்னிங் ரோஜாப்பூ அனுப்ப மட்டும் சிக்னல் இருக்கும். பத்தாம் நாள் எனக்கு ஒரு பரிசுப் பார்சல் அனுப்பியதாகவும் அது கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டதாகவும் சொன்னார், 38,000 கட்டினால் விடுவார்களாம். முப்பத்தொரு வருடம் ஏழாம் வகுப்புப் பையன்கள் வீட்டுப்பாடத்துக்குச் சொன்ன காரணங்களைக் கேட்டவள் நான், என்னிடமா? படத்தை கூகுளில் போட்டுத் தேடினால் அதே மீசை வேறு ஒரு நாட்டுக்காரருடையது. ஆப்பில் புகார் கொடுத்தேன், ஒன்பது நாள் கழித்து "உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பதில், அந்தக் கணக்கு அப்படியேதான் இருந்தது. இதற்கே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். யாராவது பணம் கொடுத்துவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. என் தோழி ஒருத்தி மகனுக்குப் பயந்து நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. போனது போனதுதான்.

சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், கவனம். ஆப்பை அழித்தால் மட்டும் போதாது, ஜிபே, போன்பே எதில் கட்டினீர்களோ அதற்குள் ஆட்டோபே என்று ஒரு இடம் இருக்கும், அங்கே போய் ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகத் தகவல் வரும், விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் மூன்று மாதமும் இருந்தேன் என்றால், 14 கிலோமீட்டர்தான் காரணம். இரண்டாவது மாதம் "உங்களிடமிருந்து 14 கிமீ தொலைவில்" என்று ஒருவரைக் காட்டியது. பார்த்தால் ஏற்காட்டுக்காரர். ஆப் காக்கா பறக்கிற கணக்கில் சொல்கிறது, அஸ்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் போகிறவளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு, அதில் 20 கொண்டை ஊசி வளைவு, எட்டாவது வளைவிலேயே எனக்கு எலுமிச்சம்பழம் வேண்டும். எஸ்டேட் சூப்பர்வைசராக இருந்தவர், 65 வயது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கும் கூச்சம், அவர் பெயரைச் சொல்ல எனக்கும் கூச்சம், ஆக டீச்சர், சார் என்றே ஓடியது. முதல் மூன்று வாரம் வெறும் போன்தான். காப்பிப் பழம் பறிப்பு ஜனவரியோடு முடியும் டீச்சர், அப்புறம் நிதானமாகப் பேசலாம் என்பார், ஆனால் தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பேசுவார். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை எப்படி ஏற்றுவது, மார்ச்சில் ஒரு நல்ல மழை பெய்தால் தோட்டம் மொத்தமும் எப்படி ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், இந்த மாதிரி. ஆறு வருடமாக எட்டு மணிக்கு எனக்கு சீரியல் மட்டும்தான் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை போனேன். சனி ஞாயிறு ஏற்காட்டில் கால் வைக்க முடியாது. ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் உள்ள கடையில் சந்திப்பு, போவதற்கு முன் மகளிடம் இடம், நேரம் எல்லாம் சொல்லிவிட்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவர் போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. மிளகாய் பஜ்ஜித் தட்டை அப்போதுதான் வைத்தார்கள், குரங்கு வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது, இரண்டு பேரும் கத்தியதில் கூச்சம் போய்விட்டது. கல்யாணம் பற்றி அவரே பேச்செடுத்தார்: "எனக்கு இப்ப அது வேண்டாங்க டீச்சர், உங்களுக்கு?" எனக்கும் வேண்டாம் என்றேன். ஆப் மூன்று மாதத்தில் கேட்காததை மனிதர் அரை மணி நேரத்தில் கேட்டுவிட்டார்.

அகமதாபாத்தில் நட்டுபாய் படேல் என்பவர் அனுபந்த் பவுண்டேஷன் மூலம் வயதானவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி நேரில் அறிமுகம் செய்துவைக்கிறார், ஹைதராபாத்திலும் 'தோடு நீடா' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, தெலுங்கில் துணை, நிழல் என்று அர்த்தம். சேலத்தில் அப்படி ஒன்று வந்தால் நான் ஆப் பக்கமே போகமாட்டேன். அதுவரை ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருகிறேன், அந்த அரை அவருக்காக.

ஆட்டோபேயை ரத்து செய்து ஆப்பையும் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர் பல் டாக்டரைப் பார்க்கக் கீழே வருகிறார். வந்தால் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து நின்றால் அதை எப்படிக் கடிப்பார் என்று தெரியவில்லை.