மாண்டலோரியன்: இரண்டாவது சீசனா, மூன்றாவதா?

‘ஸ்டார் வார்ஸ்’ உலகில் நடக்கும் ‘தி மாண்டலோரியன்’ தொடரின் ரசிகர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டாவது சீசனுக்குத்தான் கை தூக்குவார்கள். 2020 அக்டோபர் முதல் டிசம்பர் வரை எட்டு எபிசோட். குழந்தை குரோகுவை ஒரு ஜெடாயிடம் (அபூர்வ சக்தி கொண்ட வீரரிடம்) நாயகன் டின் ஜாரின் ஒப்படைக்க வேண்டும், கதை அவ்வளவுதான். கடைசியில் பழைய ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் நாயகனான ஜெடாய் லூக் ஸ்கைவாக்கர் குரோகுவை அழைத்துப்போக வந்து நிற்கிறார். யார் முன்பும் கழற்றக் கூடாத ஹெல்மெட்டை டின் ஜாரின் கழற்ற, குரோகு அவர் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறது. அந்தக் காட்சியில் அழுதோம் என்றவர்கள் ஏராளம். புகாரே இல்லாமலும் இல்லை. ஒரு தவளைப் பெண் தன் வம்சத்தின் கடைசி முட்டைகளைச் சுமந்து வர, குரோகு அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கியது பலருக்கு உறுத்தியது. கணினியில் உருவாக்கிய லூக்கின் முகமும் கேலிக்கு ஆளானது.

மூன்றாவது சீசன் (2023 மார்ச் - ஏப்ரல்) தொடங்கும்போதே மனத்தாங்கல். அவ்வளவு உருக்கமாகப் பிரிந்த டின்னும் குரோகுவும், ‘தி புக் ஆஃப் போபா ஃபெட்’ என்ற வேறு தொடரிலேயே மறுபடி சேர்ந்துவிட்டார்கள். அதைப் பார்க்காதவர்கள் முழித்தார்கள். நியாயமான கோபம்தான். அப்புறம், போ-கட்டான் என்ற மாண்டலோரியன் வீராங்கனை முன்னுக்கு வர, “இது யாருடைய கதை?” என்ற சண்டை. விஞ்ஞானி டாக்டர் பெர்ஷிங்கைச் சுற்றியே போகும் எபிசோடில் நாயகன் தலைகாட்டுவதே கொஞ்ச நேரம். நடிகர் ஜாக் பிளாக், பாடகி லிசோ வந்த எபிசோட் சிலருக்குக் கலகலப்பு, சிலருக்கு எரிச்சல்.

ஆனாலும் மூன்றாவதில் பாஸ் விஸ்லா என்ற மாண்டலோரியன் வீரர் தன் ஆட்களைத் தப்பவிட்டுத் தனியாக நின்று சண்டையிட்டுச் சாகும் இடத்துக்கு இணையான போர்க்காட்சி இரண்டாவது சீசனில் இல்லை என்பேன். முழுசாகப் பார்க்க இரண்டாவது. மூன்றாவதில் கடைசி இரண்டு எபிசோட் போதும்.