மணலி புதுநகர் மனையில் ட்ரோன் அளவை

கொசஸ்தலை ஆற்றுக்கு அருகே, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் எங்கள் குடோன் மனைக்கு எவ்வளவு மண் கொட்ட வேண்டும் என்று கணக்கிட, ஒரு ட்ரோன் அளவை நிறுவனத்தை அமர்த்தினோம். வந்தவர்கள் எடுத்த எடுப்பில் பறக்கவிடவில்லை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டலத்தைச் சரிபார்த்து, முன் அனுமதியின்றிப் பறக்கக்கூடிய பச்சை மண்டலமானாலும் 120 மீட்டருக்கு மேல் பறக்க அனுமதி வேண்டும் என்று விளக்கிய பிறகு, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளை மனையின் மூலைகளிலும் நடுவிலும் வைத்து, ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் உயரத்தையும் ஜிபிஎஸ் கருவியால் பதிந்துகொண்டார்கள். இதைத் தவிர்க்கும் மலிவான ஆட்களிடம் படம் அழகாக வரும். மட்டம் நம்பும்படி வராது.

கடற்காற்று வலுக்குமுன் காலையிலேயே, அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்ததால், இணைத்த வரைபடத்தில் மதிற்சுவரின் கோணல்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. சீமைக்கருவேலம் மண்டிய வடக்கு மூலையில் மட்டும் இலைப்பரப்பே தரையாகப் பதிவாகியிருந்தது. சுட்டிக்காட்டியதும், கூடுதல் கட்டணமின்றி லெவல் கருவி கொண்டு அளந்து திருத்தினார்கள். அறிக்கைதான் சொன்ன நாளைத் தாண்டி வந்தது. மண் கணக்குக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; பட்டா எல்லைத் தகராறென்றால் அரசு சர்வேயரையே அணுகுங்கள்.