ஹால் சுவத்துக்கு பெரிய போட்டோ: கேன்வாஸ் பிரிண்ட் எப்படி இருக்கு

ஹால்ல சோபாவுக்கு மேல மாட்ட 40க்கு 26 இன்ச்ல கேன்வாஸ் பிரிண்ட் (போட்டோவ துணில அச்சடிச்சு மரக்கட்டை ஃப்ரேம்ல இழுத்து கட்டினது) வாங்கினேன், சும்மா சொல்லக்கூடாது, அட்டகாசமா இருக்கு. எதிர்ல ஜன்னல் இருக்கறதால கண்ணாடி ஃப்ரேம் போட்டா படத்தை விட ஜன்னல்தான் பளிச்சுனு தெரியும், கேன்வாஸ்ல அந்த தொல்லையே இல்ல. 24 மெகாபிக்சல் போட்டோ, அதாவது 6000க்கு 4000 பிக்சல், இந்த சைஸுக்கு இன்ச்சுக்கு சுமார் 150 பிக்சல் வருது, ஆறேழு அடி தள்ளி நின்னு பாக்க தாராளமா போதும். கிட்ட போனா துணியோட நெசவு தெரியும், கண் இமை, முடி மாதிரி நுணுக்கமெல்லாம் கொஞ்சம் மழுங்கிடுது, அந்த ஷார்ப்னஸ் வேணும்னா அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்) பிரிண்ட்தான், ஆனா வெயிட்டு ஜாஸ்தி. துணி ஓரம் கட்டைக்கு பின்னாடி மடியும், அதனால முகம் ஓரத்துல வர்ற போட்டோவ குடுக்காதீங்க. ரெண்டு ஆணில மாட்டுங்க, சாயாது.